ஒரு நாள் வெண்மை

காலையில் செய்த எருமைப்பால் மொஸரெல்லா உருண்டையைக் கத்தியால் அறுத்தால், முதலில் ஒரு மெல்லிய தோல் விட்டுக்கொடுக்கும். அதற்குள் இதழ் இதழாக மடிந்த நார். அந்த மடிப்புகளிலிருந்து பால்நிற நீர் கசிந்து தட்டில் தேங்கும். பீங்கானைப் போன்ற தூய வெள்ளை நிறம். பசும்பாலுக்கு இளமஞ்சள் சாயல் தரும் கரோட்டினை எருமையின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் வருகிற வெண்மை அது. வாயில் வைத்தால் பல்லுக்குச் சற்றே எதிர்த்து நின்று, பிறகு பாலாகக் கரையும். மறுநாள் அதே உருண்டையில் அந்த எதிர்ப்பு இருக்காது. இன்னும் சில நாள் போனால் தோல் கழன்று, உட்பகுதி குழைந்து, புளிப்பு ஏறும். இந்தச் சீஸின் தாயகமான தென் இத்தாலியின் கம்பானியாவில், செய்த அன்றே உண்பதைத்தான் அதற்குச் செய்யும் மரியாதையாகக் கருதுகிறார்கள். ஒரே நாளில் தன் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிற பொருள் இது. இங்கே ஒரு பழைய கேள்வி எழுகிறது. நிலைக்காத ஒன்று, நிலைக்கவில்லை என்பதாலேயே மதிப்பில் குறைந்துவிடுகிறதா? அழியப்போவதில் மனமார இன்பம் காண்பது அறியாமையா, அறிவா?

அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ முதல் புத்தகத்தில் இதற்கு ஒரு பதிலைப் போகிறபோக்கில் வைத்திருக்கிறார். நன்மைக்கென்று அழியாத மூலவடிவம் ஒன்று தனியே உண்டு என்ற பிளேட்டோவின் கொள்கையை மறுக்கும் இடம் அது. என்றென்றும் இருப்பதால் மட்டும் ஒன்று கூடுதலாக நல்லதாகிவிடாது என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் வெண்மை: நெடுங்காலம் இருக்கும் வெள்ளைப் பொருள், ஒரு நாளில் அழியும் வெள்ளைப் பொருளைவிட அதிக வெள்ளையாக இருப்பதில்லை. கால நீளம் என்பது எண்ணிக்கை. வெண்மை என்பது தன்மை. எண்ணிக்கையைக் கூட்டினால் தன்மை கூடாது. இருநூறு ஆண்டு நிற்கும் சுண்ணாம்புச் சுவரும் இன்று மாலைக்குள் தீர்ந்துபோகும் மொஸரெல்லாவும் வெள்ளைதான். சுவரின் வெண்மைக்கு நாட்கள் அதிகம், அவ்வளவே. இந்த வாதம் சரியென்றே நான் நினைக்கிறேன். அதற்கு ஒரு படி மேலேயும் போகலாம் என்பது என் கருத்து. சில பொருள்களில், எது அவற்றை நல்லதாக்குகிறதோ அதுவேதான் அவற்றை அழிக்கவும் செய்கிறது. அப்படிப்பட்டவற்றை நிலைக்கவைக்க முயல்வது, அவற்றின் நன்மையையே கழித்துவிடுவது.

இதற்கு எதிரான எண்ணத்துக்கும் அதே மண்ணில் ஆழமான வேர் உண்டு. கம்பானியாவின் சலேர்னோ மாகாணத்தில் பேஸ்டம் என்ற பழைய கிரேக்க நகரம் இருக்கிறது. அதன் கோயில் தூண்களைச் சுற்றியுள்ள சமவெளியில் எருமைப் பண்ணைகள் அடர்ந்திருக்கின்றன. அதே மாகாணத்தில், கடலோரமாகக் கொஞ்சம் தெற்கே போனால் எலேயா. பார்மெனிடீஸ் பிறந்த ஊர். உண்மையில் இருப்பது எதுவும் தோன்றுவதில்லை, அழிவதில்லை, மாறுவதில்லை. மாற்றம் என்பது மனிதர்களின் மயக்கம் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாதிட்டவர் அவர். மாறாததே மெய், மாறுவது அதற்குக் கீழே என்ற வரிசை அவருக்குப் பின் பிளேட்டோ வழியாகக் கிறித்தவச் சிந்தனைக்குள்ளும் இறங்கியது. நாமும் அறியாமலே இந்த வரிசையில்தான் பொருள்களை எடைபோடுகிறோம். தங்கம் பூவைவிட உயர்ந்தது, கல்வெட்டு பேச்சைவிட உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் முதிரும் பார்மிஜானோ சீஸுக்கு இருக்கும் கௌரவம் நேற்றைய பாலில் செய்த உருண்டைக்கு ஏன் வரவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. இந்தத் தீர்ப்பை ஏற்கும் முன், அந்த உருண்டை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கம்பானிய மொஸரெல்லாவுக்கான விதிகள் குறைந்தது 7.2 சதவீதக் கொழுப்பைக் கேட்கின்றன. அந்தப் பாலை உடம்புச் சூட்டளவுக்குச் சூடாக்கி, முந்தின நாள் சீஸ் செய்தபோது பிரிந்து, இயல்பாகப் புளித்த தெளிநீரை அதில் சேர்க்கிறார்கள். நம் வீட்டில் நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். பிறகு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பாலைத் திரளவைக்கிறது. திரண்டதை வெட்டி, அதன் தெளிநீரிலேயே சில மணி நேரம் புளிக்க விடுகிறார்கள். செய்பவர் அவ்வப்போது ஒரு துண்டை எடுத்துக் கொதிநீரில் இட்டு இழுத்துப் பார்ப்பார். முன்பே எடுத்தால் அறுந்துவிடும். தாமதித்தால் சத்து நீரில் ஓடிவிடும். அறாமல் நூலாக நீண்டால் அதுதான் பதம். உடனே எல்லாவற்றையும் கொதிக்கும் நிலையிலுள்ள நீரில் போட்டு, கோலால் தூக்கித் தூக்கி இழுத்து, பளபளக்கும் மாவாக்கி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கிக் கிள்ளி எடுப்பார்கள். வெட்டுதல், கிள்ளுதல் என்று பொருள்படும் ‘மொஸாரே’ என்ற சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. 1570இல் வெளியான பார்த்தொலொமேயோ ஸ்காப்பியின் சமையல் நூலில் இந்தப் பெயர் காணப்படுகிறது.

இந்தச் செய்முறையில் ஒவ்வொரு நற்குணமும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். அறுத்ததும் கசியும் பால்நீர், நார்களுக்கிடையே சிறைப்பட்ட ஈரம். இந்தச் சீஸின் எடையில் 65 சதவீதம் வரை நீர் இருக்க விதியே இடம்தருகிறது. அந்த நீர்தான் அதைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இடம்தருகிறது. இழுத்தால் நீளச்செய்வது புளிப்பு. மறுநாள் சுவையை மங்கவைப்பதும் அடங்காமல் தொடரும் அதே புளிப்பு. நெகிழ்ச்சியும் அப்படித்தான்: இப்போதுதான் சூட்டில் இழுபட்ட புரதம் இன்னும் இறுக்கமாக நிற்பதால் பல்லுக்கு எதிர்க்கிறது, நேரம் போகப்போக நீரை உறிஞ்சித் தளர்கிறது. ஆக, சிறப்பு ஓரிடத்திலும் அழிவு வேறிடத்திலும் இல்லை. இதற்கு எதிர்ச்சான்றும் கைவசம் இருக்கிறது. அமெரிக்காவில் பீட்சாவுக்காக வளர்ந்த ‘குறை ஈர மொஸரெல்லா’வில் நீர் 45 சதவீதத்துக்கு மேல், 52 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. அது வாரக்கணக்கில் தாங்கும், அடுப்பில் அழகாக உருகும். தன் வேலைக்கு அது நல்ல பொருளே. ஆனால் நாட்களைக் கூட்டுவதற்காகக் கழித்தது எதை என்று பார்த்தால், பால்நீரையும் நெகிழ்ச்சியையும்தான். ஆயுள் நீண்டபோது பொருளே வேறாகிவிட்டது. நிலைப்பு என்பது எந்த நன்மையோடும் சும்மா கூட்டிக்கொள்ளக்கூடிய எண் இல்லை என்பதற்கு இது தெளிவான சாட்சி.

அப்படியானால், இத்தகைய பொருள் நம்மிடம் என்ன கேட்கிறது? உடைமையைக் கேட்கவில்லை, வருகையைக் கேட்கிறது. தங்கத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு மறந்திருக்கலாம், அது நம்முடையதுதான். புதிய மொஸரெல்லாவை அப்படி உடைமையாக்க வழியில்லை. அது நல்லதாக இருக்கும் நேரத்தில் நாம் அதன் முன் இருக்கவேண்டும். குளிர்ந்திருந்தால் பொட்டலத்தைப் பிரிக்காமலே வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்து, அதன் இயல்பான சூட்டுக்குத் திரும்பவிடும் பொறுமை வேண்டும். விவிலியத்தின் யாத்திராகமத்தில் பாலைநிலத்தில் பொழியும் மன்னா என்ற உணவின் கதை இதையே சொல்கிறது. அவரவர் தேவைக்கு எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. விடியும்வரை சேர்த்துவைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக வைத்தது மட்டுமே கெடவில்லை. சேமிப்பு பாவம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. தினமும் வருவதைத் தினமும் பெற்றுக்கொள்ளத் தெரியாத அவநம்பிக்கையைத்தான் அது கண்டிக்கிறது. கிரேக்க மெய்யியலாளர் எபிக்யூரஸும் வேறு வழியில் இங்கேதான் வந்து சேர்கிறார். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்த அவர், விருந்துண்ண விரும்பும்போது உதவும் என்று நண்பரிடம் ஒரு சிறு பானைச் சீஸ் கேட்டு எழுதியதாக, மெய்யியலாளர்களின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் பதிவுசெய்கிறார். இன்பத்தின் எல்லையை அறிவால் அளந்தவனுக்கு, முடிவற்ற காலம் தரக்கூடிய இன்பம் முடிவுள்ள காலம் தருவதைவிடப் பெரிதல்ல என்பது அவர் கொள்கை.

வலிமையான மறுப்பு துறவின் பக்கத்திலிருந்து வருகிறது. நிலையாததில் பற்று வைத்தால் துன்பமே மிஞ்சும் என்று பௌத்தம் சொல்கிறது. புனித அகுஸ்தினார் இளமையில் நண்பனை இழந்தபோது அடைந்த வேதனையைத் தன் ஒப்புதல் நூலில் விவரித்து, சாகப்போகிற ஒருவனைச் சாகவே மாட்டான் என்பதுபோல நேசித்ததுதான் தன் தவறு என்கிறார். அதே நூலின் பத்தாம் பகுதியில், உணவை மருந்தைப்போல் உட்கொள்ளக் கற்றதாகவும், பசியிலிருந்து நிறைவுக்குப் போகும் வழியில் ஆசை வலைவிரித்துக் காத்திருப்பதாகவும் அஞ்சுகிறார். இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தின்பதற்காகவே வாழ்கிறவன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பதை எல்லாக் காலமும் கண்டிருக்கிறது. ஆனால் அவருடைய முதல் வாக்குமூலத்தைக் கவனமாகப் படித்தால், குற்றம் நேசத்தின் மேல் விழவில்லை. ‘சாகவே மாட்டான் என்பதுபோல’ என்ற பாவனையின் மேல்தான் விழுகிறது. ஒரு நாள்தான் இருக்கும் என்று தெரிந்தே துய்ப்பவனிடம் அந்தப் பாவனை கிடையாது. மாலையில் தட்டு காலியாகும்போது அவனுக்கு ஏமாற்றமும் கிடையாது. திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் செல்வம் தங்காது என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. அதனால் அது கையில் கிடைத்த உடனே நிலைத்த அறத்தைச் செய் என்கிறது. நிலையாமையிலிருந்து வள்ளுவர் பெறும் முடிவு விலகல் அல்ல, விரைவு. உணவின் விஷயத்தில் அந்த விரைவுக்கு இன்னொரு பெயர் பகிர்வு. நாளைக்கு வைக்க முடியாததை இன்றே அடுத்தவரோடு உண்டாகவேண்டும்.

இதே அளவுகோலை வைத்துத்தான், இறக்குமதியா உள்ளூரா என்ற நடைமுறைக் கேள்வியையும் தீர்க்கவேண்டும். கம்பானிய எருமை மொஸரெல்லாவின் பெயருக்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. எந்த மாகாணங்களின் பால், என்ன முறை, எங்கே பொதியவேண்டும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டுள்ளன. அந்தப் பெயரை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். தலைமுறைகளின் கைப்பழக்கத்தை அது காக்கிறது. போலிகளிடமிருந்து விவசாயியைக் காக்கிறது. ஆனால் பெயரால் காக்க முடியாத ஒன்று உண்டு, அந்த நாள். விமானத்தில் ஏறிக் கண்டம் தாண்டி வரும் உருண்டையில் பெயர் அப்படியே இருக்கும், பொழுது கடந்திருக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை மிதக்கவைத்து அனுப்பும் திரவமும் தண்ணீர். பிறப்பிடமே எல்லாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் எருமையின் பிறப்பிடத்தையும் நினைக்கவேண்டும். நதி எருமை வீட்டு விலங்கானது இந்தியத் துணைக்கண்டத்தில். இத்தாலியின் சதுப்புநிலங்களை அது சேர்ந்தது இடைக்காலத்தில். உலக எருமைகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். பெங்களூரில் வல்லம்புரோசா பெனெடிக்டைன் சபைத் துறவிகள் மொஸரெல்லா உட்பட இத்தாலியச் சீஸ்களைச் செய்கிறார்கள். இடைக்காலத்தில் கபுவாவின் சான் லொரென்ஸோ மடத்துத் துறவிகள் யாத்திரிகர்களுக்கு ரொட்டியோடு ‘மோஸ்ஸா’ கொடுத்தார்கள் என்று கம்பானியாவில் வழங்கும் வரலாற்றின் இழை இங்கே தொடர்வதுபோல் இருக்கிறது. பக்கத்து ஊரில் எருமைப்பாலில் இன்று காலை கவனமாகச் செய்த உருண்டை, கடல்கடந்து ஒரு வாரம் கழித்து வரும் புகழ்பெற்ற உருண்டையைவிட அந்தச் சீஸின் இயல்புக்கு நெருக்கமானது.

அரிதாகக் கிடைப்பதே அதிகம் இனிக்கும், இறக்குமதியின் கவர்ச்சியே அதுதானே என்று கேட்கலாம். இதற்கான பதில் வெசுவியஸ் எரிமலையின் அடியிலிருந்து வந்திருக்கிறது. கி.பி. 79இல் அந்த எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகையின் பாப்பிரஸ் சுருள்கள் கரியாகின. அவற்றில் பல எபிக்யூரிய மெய்யியலாளர் பிலோடெமஸின் எழுத்துகள். பிரிக்கவே முடியாத அத்தகைய சுருள் ஒன்றின் உட்பகுதியை எக்ஸ் கதிர்ப் படங்களையும் கணினியையும் கொண்டு வாசித்து 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பிலோடெமஸுடையதாகவே கருதப்படும் அந்தப் பகுதியின் பொருள் இன்பம். உணவில்கூட, அரிதாக இருப்பது ஏராளமாக இருப்பதைவிட அந்தக் காரணத்தாலேயே இனிமையானது என்று நாம் உடனே நம்பிவிடுவதில்லை என்கிறது அது. அருமை என்பது சந்தையின் கணக்கு, சுவையின் கணக்கு அல்ல. அந்தச் சுருளின் விதி இன்னொன்றையும் காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டு நிலைத்திருக்க அது கரியாகவேண்டியிருந்தது; நிலைத்திருந்த அவ்வளவு காலமும் யாரும் அதைப் படிக்க முடியவில்லை.

இன்னொரு மறுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது, விலங்கின் தரப்பிலிருந்து வருவது. பால் சுரக்க எருமை கன்று ஈனவேண்டும்; பிறப்பதில் பாதி கடாக்கன்று. இறைச்சிக்கும் பெரிய மதிப்பில்லாத அவற்றைப் பிறந்தவுடனே அழிக்கும் வழக்கம் இத்தாலியில் கண்டனத்துக்கு ஆளாகியிருக்கிறது. எருமை இயல்பாக ஈனுவது இலையுதிர் காலத்தை ஒட்டி. மக்கள் மொஸரெல்லாவைத் தேடுவதோ கோடையில். அதனால் பால் கோடையில் பெருகும்படி, காளைகளைப் பிரித்துவைத்து ஈற்றுக்காலத்தையே மாற்றுகிறார்கள். கம்பானிய விதி கேட்கும் ரென்னெட்டும் கன்றின் உடலிலிருந்து வருகிறது. சைவ உணவு உண்பவருக்கு அதுவே தடை. இவற்றுக்கு என் வாதம் ஒரு சமாதானமும் தேடாது, தேடவும் கூடாது. மாறாக, இந்த வாதத்தை முழுதாக ஏற்பவருக்கு இங்கே ஒரு கடமை சேர்கிறது. உருண்டையின் நாளை மதிக்கிறவர் எருமையின் பருவத்தையும் மதிக்கவேண்டும். கோடையில் குறைவாகக் கிடைத்தால் குறைவாக உண்ணவேண்டும். கடாக்கன்றையும் வளர்க்கும் பண்ணைக்குக் கூடுதல் விலை தரவேண்டும். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் நுண்ணுயிர் ரென்னெட் போதுமான மாற்றாக இருக்கும்போது அதை ஏற்கவேண்டும். உடலின் பருவத்தை வளைத்துப் பெறும் புதுமை, நிலைப்பை வேறு பெயரில் திணிப்பதுதான். விலங்கின் பாலையே எடுக்கக் கூடாது என்பவரின் நிலையை இது தீர்த்துவைக்காது. அவர்களின் கேள்வி திறந்தே இருக்கட்டும்.

ஒரு சீஸ் துண்டுக்கு இவ்வளவு தத்துவமா என்று கடைசியாகக் கேட்கலாம். நீலகிரித் தோடர்களுக்கு எருமைப்பால் கடையும் கொட்டிலே கோயில், பால்காரரே பூசாரி. கொட்டில்களிலும் எருமைகளிலும் தூய்மையின் படிநிலைகள் உண்டு. பால் வெண்ணெயாக மாறும் வழியைப் புனிதம் என்று கண்ட அவர்களுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. மிகச் சாதாரணமாகக் கெட்டுப்போகும் பொருள்தான் நம் நிலைமையை மறைக்காமல் காட்டுகிறது. குழந்தையின் மழலை, மாலை வெளிச்சம், நண்பரோடு நடந்த ஓர் உரையாடல் என்று நாம் மிகவும் விரும்புபவை பெரும்பாலும் எருமைப்பால் உருண்டையின் இனம்தான், தங்கத்தின் இனமல்ல. அவற்றைப் பூட்டிவைக்கும் பழக்கத்தில் பயின்ற மனம், அவை வந்து நிற்கும்போது அங்கே இருப்பதில்லை.

மொஸரெல்லா செய்யும் பால்கூடத்தில் அன்றாடம் தப்பாமல் நடக்கும் செயல் ஒன்று உண்டு: அன்றைய தெளிநீரில் கொஞ்சம் நாளைய பாலுக்காக எடுத்துவைக்கப்படுகிறது. இதைக் காட்டி, பார், கடைசியில் நிலைப்பதுதான் முக்கியம் என்று எலேயாவின் பக்கத்திலிருந்து யாரேனும் வாதிடலாம். உண்மைதான், அந்த உறை தலைமுறைகளைக் கடந்து வருகிறது. ஆனால் அதை யாரும் உண்பதற்காக வைப்பதில்லை. நாளைக்கும் ஒரு நாள் மட்டுமே இருக்கப்போகிற ஓர் உருண்டை பிறக்கவேண்டும் என்பதற்காக வைக்கிறார்கள். நிலைப்பது அந்த நாளுக்கு ஊழியம் செய்கிறது. அந்த நாள் முழு வெள்ளையாக வந்து, பகிரப்பட்டு, தீர்கிறது.